வேலுமணியின் ஐந்தாவது கம்பி

எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதம். ராசிபுரத்தில் கந்தவேலின் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில் மெல்லிசைக் குழுவின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, குழுவின் தலைவரும் தலைமைப் பாடகருமான கந்தவேல், பேஸ் கிடார் வாசிக்கும் வேலுமணியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏப்பா மணி, பாட்டு எறங்கி வாரப்ப நீ திடீர்னு மேல தாவிக்கற. நடந்து போறவன் கால்ல இருந்து செருப்பை உருவினாப்பல இருக்குது.”

“கம்பி இல்லீங்கண்ணா. என்ற கிடார் மூணு கட்டையோட முடிஞ்சு போச்சு. நீங்க ரெண்டுல பாடறீங்க. கீழ போறதுக்கு எடமில்லாமத்தான் மேல ஏறிக்கறேன்.”

“அப்ப எடமிருக்கறதா வாங்கு. சேலத்துல அஞ்சு கம்பி வந்திருச்சுங்கறாங்க. ஆயுத பூசைக்குள்ள வாங்கிரு. இல்லாட்டிப் போனா சுப்பையன் எடது கையில பேஸையும் சேத்துப் பாத்துக்குவான். வேன்ல ஒரு ஆள் எடமாச்சும் மிச்சமாகும்.”

கீபோர்டு வாசிக்கும் சுப்பையன் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தான். அவன் மேல் வேலுமணிக்குக் கோபம் வரவில்லை. புதிதாக வாங்கிய கீபோர்டில் பேஸ் சத்தத்துக்கென்று ஒரு பொத்தானே இருந்தது. பொத்தானைக் கண்டுபிடித்தவன் சுப்பையன் அல்ல.

கந்தவேலுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. ஐந்தாறு வருஷங்களுக்கு முன்புவரை எந்தப் பாட்டையும் இசைத்தட்டில் இருக்கும் அதே சுருதியில் பாடினார். பிறகு தொண்டை இறங்கியது. மூன்று கட்டைப் பாட்டை இரண்டரையில் பாடினார், அப்புறம் இரண்டில். “எறக்கிப் பாடினாத்தான் பாட்டுக்கு ஒரு கனம் இருக்குது” என்பார். குழுவில் இருந்த ஒன்பது பேரும் “ஆமாங்கண்ணா” என்பார்கள். நாலு கம்பி பேஸ் கிடாரின் அடிக் கம்பி மூன்று கட்டைச் சத்தம். அதற்குக் கீழே பாட்டு போனால், பேஸ்காரன் எட்டுச் சுரம் மேலே ஏறித்தான் அதே சுரத்தைப் பிடிக்க முடியும். அந்தத் தாவலைத்தான் கந்தவேல் செருப்பை உருவுவதாகச் சொன்னார்.

வேலுமணி நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அந்த ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் அவர்தான். சேலம் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம். அவர் அப்பா வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர். மகன் பட்டம் வாங்கிய படத்தைச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு ஒரு சாண் கீழே மாட்டியிருந்தார். ஊரில் யாரும் வேலுமணியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பி.எஸ்ஸி. ஊடு எது?’ என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும்.

கல்லூரி விடுதியில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கிடார் என்றால் எல்லோரும் ஆறு கம்பிக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். நாலு கம்பி பேஸ் மூலையில் கிடந்தது. அதை வாசித்தால் பெண்கள் கல்லூரிப் பக்கம் பேர் வராது என்பது பொது அபிப்பிராயம். வேலுமணி அதை எடுத்துக்கொண்டார். கையில் எடுத்த அன்றே பிடித்துப்போனது. பாட்டு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது மற்ற எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்தது. படித்து முடித்ததும் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பகலெல்லாம் மஞ்சள் மூட்டை. சாயங்காலமானால் கந்தவேல் குழு. எழுபத்தாறிலிருந்து பதினோரு வருஷம்.

மேடையில் அறிமுகம் செய்யும்போது கந்தவேல் மற்றவர்களுக்குப் பேர் மட்டும் சொல்வார். இவருக்கு மட்டும் “பேஸ் கிடார், வேலுமணி, பி.எஸ்ஸி.!” என்று இழுத்துச் சொல்வார். குழுவுக்கும் அதில் ஒரு மரியாதை. அந்த ஒரு வரியைக் கேட்பதற்கென்றே வெள்ளியங்கிரி பக்கத்து ஊர்க் கச்சேரிகளுக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வருவார். கந்தவேல் சொன்னபடி பேஸைச் சுப்பையனிடம் கொடுத்துவிட்டால் இனி அந்த மேடையில் நிற்க முடியாது. சங்கத்து நாற்காலி ஒன்றுதான் மிஞ்சும்.

கையிலிருந்த கிடாரும் ஓய்ந்துவிட்டிருந்தது. கல்கத்தாவில் செய்தது. வெயிலில் வேனுக்குள் கிடந்து கிடந்து கழுத்து வளைந்துபோயிருந்தது. கழுத்தில் மேல் சுரங்கள் வரும் கட்டங்களில் விரல் வைத்தால் சுருதி விலகும். தாவும்போது கந்தவேலுக்கு உறுத்தியதில் பாதி அந்த வளைவினால் வந்தது. எப்படியும் ஒன்று புதிதாக வாங்கத்தான் வேண்டும்.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ராசாத்தி என்ற அம்மாள் தையல் கடை வைத்திருந்தார். அவர் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் டேப் ரெக்கார்டர், கைக்கடிகாரம், ஜார்ஜெட் சேலை என்று கொண்டுவந்து அக்காளிடம் விற்கக் கொடுத்துவிட்டுப் போவான். இந்தத் தடவை இரண்டு பேஸ் கிடார்களைக் கொண்டுவந்திருந்தான். இரண்டும் ஜப்பான் சரக்கு. ஒன்று நாலு கம்பி, மற்றது ஐந்து. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

“ஒரு கம்பி சேத்தி இருக்குது, வெலை மட்டும் எப்படிங்க ஒண்ணா?” என்றார் வேலுமணி.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கம்பிக்கு இத்தனைன்னு விக்கறதுக்கு நான் என்ன வேலியா போடறேன்? ரெண்டையும் எடுத்துட்டுப் போய் வாசிச்சுப் பாருங்க. வேண்டாததைக் கொண்டாந்து குடுங்க.”

“அவ்வளவு தூரம் வேண்டாங்க. காதுல கேட்டாலே சொல்லிருவேன்.”

தையல் மெஷின்களுக்கு நடுவே இருந்த ஸ்டீரியோவின் பெரிய பெட்டியில் ஒயரைச் செருகினார். முதலில் நாலு கம்பி. கழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அடியிலிருந்து நுனிவரை சுருதி ஒரு இம்மி விலகவில்லை. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் ஐந்தாவது கம்பியைத் தொட்டார். இருக்கும் இடம் எல்லாக் கம்பிகளுக்கும் மேலே, சத்தம் எல்லாவற்றுக்கும் கீழே; மாட்டுக் கயிறுபோல் தடிமனாக இருந்தது. ஒரே தட்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெஷின் மேலிருந்த ஊசி டப்பா நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. கட்டிங் செய்துகொண்டிருந்த பெண் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டாள்.

“இதேங்க” என்றார் வேலுமணி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெள்ளியங்கிரி வாசலில் இருந்த கட்டிலில் அதைக் கிடத்தி, கழுத்திலிருந்து அடிவரை தடவிப் பார்த்தார். மாட்டுத் தாவணிச் சந்தையில் காளைகளைப் பார்க்கிற அதே பார்வை. மரத்தின் ரேகை ஓரிடத்தில் வட்டமாகச் சுற்றியிருந்ததில் அவர் விரல் நின்றது.

“சாமி, இதுல சுழி இருக்குது. அதுவும் முதுகுல.”

“அது மரத்தோட கணுங்கப்பா.”

“கணுவோ, சுழியோ. பூட்டிப் பாத்தயா?”

“கடையில வாசிச்சுப் பாத்தனுங்க.”

“கடையிலயா? தாவணியில நாலு நடை நடக்காத மாடு உண்டா? நம்ம காட்டுக்குக் கொண்டாந்து, நம்ம ஏர்ல பூட்டி, நாலு சால் ஓட்டிப் பாத்துத்தான பணத்தைக் குடுப்போம்? விக்கறவனே வேண்டாங்க மாட்டானே.”

இரண்டையும் எடுத்துப் போய்ப் பார்க்கும்படி ராசாத்தி அம்மாள் சொன்னதை வேலுமணி வெளியே விடவேயில்லை.

“பி.எஸ்ஸி. படிச்சவங்க ஏர்ல பூட்டுவாங்களாக்கும்” என்றாள் மனைவி பாவாயி, சோளம் புடைத்துக்கொண்டே. “ஏனுங்க, நாலு கம்பிக்கே சோறு ஆறிப்போன பொறவுதான் ஊடு வந்து சேர்றீங்க. அஞ்சுன்னா இனிச் சோத்தைக் கட்டிக் குடுத்துரட்டுங்களா?”

அடுத்த வாரம் பக்கத்து ஊரில் விநாயகர் கோயில் கும்பாபிஷேகம். சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் கச்சேரி. புதுக் கிடாரில் முதல் இரண்டு பாட்டுக்கு வேலுமணியின் விரல்கள் பழக்க தோஷத்தில் கம்பி மாறி விழுந்தன. பதினோரு வருஷமாக மேல் கம்பி எதுவோ அதில் கட்டை விரலை ஊன்றிப் பழகிய கை. இப்போது ஊன்றுகிற இடத்தில் வேறு கம்பி. மூன்றாவது பாட்டிலிருந்து பிடிபட்டது. கந்தவேல் இரண்டு கட்டைக்கு இறங்கியபோது இவரும் கூடவே இறங்கினார். பின்னாலிருந்த பேஸ் பெட்டி ‘ம்ம்ம்’ என்று உறுமியது. மேடைப் பலகை அதிர்ந்து உள்ளங்கால் கூசியது. கந்தவேல் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேலுமணிக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

கச்சேரி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது, கோயில் கமிட்டித் தலைவர் சின்னண்ணன் சாம்பார் வாளியோடு வந்து குனிந்தார்.

“பாட்டெல்லாம் அருமைங்க. பேஸ்காரருக்குத்தான் மேலுக்குச் சொகமில்லீங்களா? நிக்கறாரு, கை ஆடுது, சத்தம் ஒண்ணையும் காணோம்.”

கந்தவேலுக்குக் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. “சத்தமே இல்லீங்களா?”

“அங்கங்க டொக்கு டொக்குன்னுச்சுங்க. கதவைத் தட்றாங்களோன்னு திரும்பிப் பாத்தேன்.”

வாளி நகர்ந்ததும் கந்தவேல் இலையைப் பார்த்தபடியே சொன்னார். “மணி, வாசிச்சயா, தடவிக் குடுத்தயா? மேடையில எனக்கு நல்லாத்தான கேட்டுச்சு.”

“நானும் நல்லாத்தாங்கண்ணா வாசிச்சேன்.”

“காசு குடுக்கறவன் கேக்கலேங்கறான். அஞ்சு கம்பி வாங்கியும் இதுதான்னா வேண்டாம். ஆயுத பூசைக்கு நாமக்கல் லாரிப் பட்டறையில கச்சேரி. சுப்பையன் பாத்துக்கட்டும். நீ வா, வரவேண்டாங்கல. கீழ உக்காந்து கேளு.”

வீட்டுக்கு நடக்கும்போது வெள்ளியங்கிரியும் அதையே சொன்னார். “அந்தப் புளியமரத்தடியில இருந்தேன் சாமி. உன்ற பேரைச் சொன்னாங்க, கேட்டுச்சு. அப்பறம் உன்னைக் காணோம்.”

மறுநாள் சங்கத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வேலுமணி காலையிலேயே கச்சேரி நடந்த ஊருக்குக் கிடாரோடு சைக்கிளில் போனார். முதல் நாள் ராத்திரியே சுப்பையனையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். கோயிலில் பூஜை தொடர்ந்து நடப்பதால் மைக் செட்டுக்காரர் ஆண்டி ஒலிபெருக்கிக் குழாய்களை இன்னும் இறக்கவில்லை. புளியமரத்தில் இரண்டு, கம்பத்தில் இரண்டு. வாய் அகன்ற, நீளமான தகரக் குழாய்கள்.

“என்ற குழாய் மேல குத்தம் சொல்ல வந்தீங்கன்னா இப்பவே திரும்பிருங்க” என்றார் ஆண்டி. “நாலு ஊருக்குக் கேக்கும்.”

“குத்தம் சொல்ல வரலீங்க. அரை மணி நேரம் கரண்டு குடுங்க, போதும்.”

மேடையில் சுப்பையனை உட்காரவைத்து, மடியில் கிடாரைக் கொடுத்து, அடிக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னார் வேலுமணி. தான் புளியமரத்தடிக்குப் போய்க் குழாய்க்கு நேரே நின்றார். ஐந்தாவது கம்பி: டொக். விரல் பட்ட சத்தம் மட்டும். பின்னால் சுரம் இல்லை. நாலாவது கம்பி: கொஞ்சம் முனகல். அதற்கு மேல் போகப் போக, கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதுபோல் சுரம் துலங்கி வந்தது. பழைய கிடாரில் எங்கே தாவிக்கொண்டிருந்தாரோ, அந்தக் கட்டங்களுக்கு வந்ததும் குழாய் வாய் திறந்து பாடியது.

வேலுமணி மரத்தில் சாய்ந்துகொண்டார். கல்லூரிச் சோதனைச் சாலையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஏற்றி இறக்கி, இசைக்கவையைத் தட்டி, எந்த நீளத்துக்கு எந்தச் சத்தம் எழும்பும் என்று பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தச் சோதனைக்கு அவர் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். தாழ்ந்த சத்தத்துக்கு நீளமான குழாய் வேண்டும், அகலமான வாய் வேண்டும். ஐந்தாவது கம்பி பேச வேண்டுமானால் ஆண்டியின் குழாய் மாட்டு வண்டி நீளத்துக்கு இருக்க வேண்டும். தையல் கடைப் பெட்டி வேறு, மைதானத்துத் தகரம் வேறு. படித்தது பரீட்சையோடு போயிற்று.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷமாக அடிக் கம்பியில் அவர் வாசித்த எதுவும் மேடையைத் தாண்டிப் போயிருக்கவில்லை. கந்தவேலுக்குப் பிடிக்காத அந்தத் தாவல்கள் மட்டும்தான் ஜனங்களுக்குக் கேட்டிருக்கின்றன.

“சுப்பையா, உன்ற கீபோர்டு பேஸும் இதே கதிதான்” என்றார்.

“எனக்கும் அதாண்ணா தோணுது. ஆனா நான் போய் அண்ணங்கிட்டச் சொன்னா நம்புவாரா? வேலை செய்யக் கசக்குதாம்பாரு.”

சொல்லி நம்பவைக்க முடியாது. கந்தவேல் மேடையை விட்டு இறங்கிக் கேட்டதே கிடையாது. வேலுமணி சைக்கிளைச் சுப்பையனிடம் விட்டுவிட்டு அங்கிருந்து நேரே பஸ் ஏறி அஸ்தம்பட்டிக்குப் போனார்.

ராசாத்தி அம்மாள் கிடார் பையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “காதுல கேட்டாலே சொல்லிருவேன்னீங்க?”

“காது சரியாத்தாங்க சொல்லுச்சு. நான்தான் தப்பான எடத்துல கேட்டுப்போட்டேன். நாலு கம்பி இருக்குதுங்களா?”

“இருக்குது, எடுத்துக்கங்க. ஓமலூர்க்காரர் ஒருத்தரு அஞ்சு கம்பியே வேணும்னு நேத்துக் கேட்டுட்டுப் போனாரு. அவருக்கு இதைக் குடுத்துக்கறேன்.”

வேலுமணி கொஞ்சம் தயங்கினார். “அவருகிட்ட ஒண்ணு கேளுங்க. மைதானத்துல குழாய் வெக்கறாங்களா, பெரிய பொட்டி வெக்கறாங்களான்னு.”

“குழாய்ன்னா?”

“வாங்க மாட்டாருங்க.”

“அப்ப நான் எதுக்குங்க அதைக் கேக்கோணும்?”

“நாளைக்கு அவரும் இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு இங்கதான வருவாரு.”

“அதுவுஞ் சரிதான்” என்று அந்த அம்மாள் ஊசியில் நூலைக் கோத்தார்.

ஆயுத பூஜைக்கு இருந்த நாட்களில் வேலுமணி வேறு ஒரு காரியம் செய்தார். ஒலிநாடாவில் இருந்த பேஸ் வரிசைகளை அப்படியே எடுத்து வாசிப்பதுதான் அதுவரை அவருடைய வழக்கம். அதனால்தான் பாதி வழியில் கீழே இடமில்லாமல் தாவ நேர்ந்தது. இப்போது கந்தவேலின் இரண்டு கட்டைப் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொடக்கத்திலேயே மேல் கட்டங்களில் நின்றுகொண்டு, எங்கேயும் தாவாமல் நடக்கிற மாதிரி வரிசையை மாற்றி அமைத்தார். ஜப்பான் கழுத்து அதற்கு இடம் கொடுத்தது. இரண்டாம் நாள் சுண்டுவிரல் நுனி கொப்பளித்தது. துணி சுற்றிக்கொண்டு வாசித்தார்.

நாமக்கல் பட்டறையில் அன்று மத்தியானத்துக்கு மேலேயே கூட்டம் கூடிவிட்டது. கழுவித் துடைத்த லாரிகள் வரிசையாக, முன்னால் வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, பொரிகடலைப் படையலோடு நின்றன. நாலரை மணிக்குக் கச்சேரி தொடங்கியது. குழாய்கள் பட்டறைக் கூரையின் இரும்புச் சட்டத்தில் கட்டப்பட்டிருந்தன. சுப்பையன் இடது கையில் பேஸ், வலது கையில் மற்றதெல்லாம் என்று வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். இரண்டு பாட்டு முடிந்தது. பாடகி சௌந்திரம் தனியாகப் பாட வேண்டிய முறை வந்ததும், வேலுமணி மேடை ஓரத்துக்கு வந்து நின்றார்.

“அண்ணா, இந்த ஒரு பாட்டுக்குக் கீழ எறங்கி என்ற கூட நில்லுங்க.”

“பாடறவனைக் கீழ எறங்கச் சொல்றயா? கூட்டம் என்ன நெனைக்கும்?”

“சாமி கும்படப் போறாருன்னு நெனைக்கும். வாங்கண்ணா.”

கந்தவேல் முணுமுணுத்துக்கொண்டே ஜரிகைத் துண்டைச் சரிசெய்தபடி இறங்கினார். லாரிகளுக்கு நடுவே, குழாய்க்கு நேர் கீழே வேலுமணி அவரை நிறுத்தினார். சௌந்திரத்தின் குரல் கணீரென்று வந்தது. தபலா வந்தது. வயலின் வந்தது. கந்தவேல் காதைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மேடையைப் பார்த்தார். சுப்பையனின் இடது கை பாடுபட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“வாசிக்கறானா அவன்?”

“வாசிக்கறானுங்கண்ணா. நல்லாவே வாசிக்கறான்.”

“கேக்கலியே!”

“அன்னிக்கு நான் வாசிச்சதும் இப்படித்தான் போச்சுங்க. அடிச் சத்தம் இந்தக் குழாய்க்குள்ள நொழையாது. இப்ப இங்கயே நில்லுங்க. அடுத்தது நான் வாசிக்கறேன்.”

கந்தவேல் மறுக்கவில்லை. வேலுமணி மேடையேறி, நாலு கம்பியை மாட்டிக்கொண்டு ஒயரைச் செருகினார். சௌந்திரத்துக்கு இன்னொரு பாட்டு. அது பழைய பாட்டு, குழு நூறு தடவை வாசித்தது. வேலுமணி மேல் கட்டங்களில் நின்று நடந்தார். தாவவில்லை. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தபோது, கந்தவேல் ஒரு லாரியின் பம்பரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கிளீனர் ஒருவன் பொரிகடலைப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்திருந்தான். அதைப் பிரிக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் அவர் மேடைக்கு வந்துவிட்டார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு வேலுமணியிடம் குனிந்தார்.

“என்ற பாட்டுக்கும் இப்படி வருமா? ரெண்டு கட்டையில?”

“உங்க பாட்டு எல்லாத்துக்கும் போட்டு வெச்சிருக்கறனுங்க.”

“அப்ப என்ற கொரலும்...” கந்தவேல் நிறுத்திவிட்டார். தொண்டையைச் செருமினார். “நான் அடியில பாடறதும் இந்தக் குழாய்ல பாதிதான் போகுதாக்கும்?”

வேலுமணிக்கு எதற்கும் ‘ஆமாங்கண்ணா’ என்று சொல்லிப் பழகிய வாய்தான். இந்த ஒரு தடவை சொல்ல வரவில்லை.

“ரெண்டரையில பாடினீங்கன்னா இன்னுங் கொஞ்சம் நல்லாப் போகுங்க” என்றார்.

கந்தவேல் மைக்கிலிருந்து கையை எடுக்காமலே கீபோர்டு பக்கம் திரும்பினார்.

“சுப்பையா, எடது கையை எடுத்துரு. ரெண்டரைக் கட்டை வெச்சுக்க.”

சுப்பையன் இடது கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். வேலுமணி பேஸ் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, கந்தவேல் மூச்சை இழுக்கும்வரை காத்திருந்தார்.